கிணத்தடி வெள்ளை டப்பா

— அதனால, அண்ணி, நாளைக்குப் பொழுது சாஞ்சதும் எல்லார் போன்லயும் காப்பீட்டுக் காசு விழுந்துடும். இதை நானே நேர்ல வந்து சொல்லணும்னு நைரோபிலேர்ந்து ஜீப்ல குலுங்கிக் குலுங்கி வந்திருக்கேன். நீங்க என்னடான்னா ஆட்டுக்குத் தலை தடவிட்டு உக்காந்திருக்கீங்க.

— வேற என்ன பண்ணச் சொல்ற நாத்தனாரே? எழுந்து ஆடவா? நான் தடவலன்னா இது கீழ விழுந்துடும். என் தோள்ல சாஞ்சுதான் நிக்குது, பாரு.

— அண்ணா, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.

— ம். நல்ல விஷயம்.

— அவ்வளவுதானா?

— உங்க அண்ணன் கல்யாணத்தன்னிக்கே அதுக்கு மேல பேசல. அதை விடு. இந்தா, டீ. சூடா இருக்கு, பாத்துப் புடி.

— என்ன அண்ணி இது, பால்பவுடர் டின்லயே காய்ச்சிக் குடுக்கறீங்க? அந்தப் பெரிய சட்டி என்னாச்சு?

— அதுக்கு வேற வேலை வந்துடுச்சு. ஏன், டவுன் ராசாத்திக்கு டின்னுல குடிச்சா தொண்டைல இறங்காதோ?

— நல்லாவே இறங்குது. ஒட்டகப் பாலா?

— ஆமாமா. பக்கத்துக் குடிசையில கேட்டு வாங்கினது. நம்ம ஆட்டு மடியெல்லாம் காஞ்சு தொங்குது.

— பாப்பா. டின்னை அப்படி வைக்காத.

— எப்படி அண்ணா?

— கவுத்து வைக்காத. வாய் வானத்தைப் பாக்கணும்.

— வானத்துல ஒரு பஞ்சு மேகம்கூட இல்லையே!

— இல்லாட்டியும். நம்ம வம்சத்துல பாத்திரத்தைக் கவுக்கறது கிடையாது. மழை வந்து பாத்தா, இவங்களுக்கு நான் வேண்டாம்போலன்னு திரும்பிப் போயிடும். அப்பா சொன்னதெல்லாம் மறந்துட்டியா?

— மறக்கலண்ணா. அங்க பாத்திரம் தேய்ச்சுக் கவுத்தே பழகிடுச்சு. இந்தாங்க, நிமிர்த்தி வச்சாச்சு, போதுமா?

— ம்.

— சரி, நான் போயி கிணத்தடி டப்பாவ ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன்.

— அட, இப்பத்தானே வந்த! டப்பா எங்க ஓடிப் போகுது? டீயக் குடி. எனக்கு இன்னொரு தடவ எல்லாத்தையும் விளக்கிச் சொல்லு. கூட்டத்துல நீ சொன்னப்ப கைக்குழந்தைக்காரி பக்கத்துல உக்காந்துட்டேன், பாதி காதுல விழல.

— அண்ணி, நீங்கதான் அந்த டப்பாவுக்கே காவல்! உங்களுக்கே தெரியலன்னா எப்படி?

— ஆடு வந்து முதுகு தேய்க்காம முள் வேலி போடுன்ன, போட்டேன். அதுக்குள்ள என்ன நடக்குதுன்னு நீதான் சொல்லணும்.

— சரி கேளுங்க. மத்த காப்பீடுன்னா என்ன? ஆடு செத்துச்சுன்னு நீங்க சொல்லணும், ஒரு ஆபீஸர் வண்டி போட்டு வரணும், காதைத் திருகிப் பாக்கணும், இது நோய்ல செத்துச்சா கிழம் தட்டிச் செத்துச்சான்னு சண்டை போடணும். அதெல்லாம் இதுல கிடையாது. யாரும் வர மாட்டாங்க. எதையும் எண்ண மாட்டாங்க. டப்பா மழையை அளக்கும். பருவம் பூரா மழை இல்லைன்னு டப்பா சொல்லிச்சுன்னா காசு. அவ்வளவுதான். உங்க ஆடு ஒண்ணு செத்தாலும் காசு, ஒண்ணுமே சாகலன்னாலும் காசு.

— சாகலன்னாலுமா!

— அதுதானே முக்கியம். செத்த பிறகு குடுத்து என்ன பிரயோஜனம்? உயிரோட இருக்கறப்ப குடுத்தாத்தான் தீவனம் வாங்குவீங்க.

— அந்தத் தீவனத்துக்குத்தான் உங்க அண்ணன் லாரிக்காரன்கிட்ட சொல்லி வச்சிருக்காரு. மர்சபிட் டவுன்ல புல்லுக்கட்டை ஏத்தி வச்சிட்டு நிக்கறான். போன்ல காசு விழுந்தாத்தான் வண்டியக் கிளப்புவானாம். சரி, மழை விழுந்துட்டா?

— விழுந்துட்டா காசு கிடையாது. டப்பாவுல விரல்ல ஒரு கணு அளவுக்கு ஒரே நாள்ல தண்ணி நின்னுச்சுன்னா, வறட்சி முடிஞ்சுதுன்னு அர்த்தம். கணக்கை மூடிடும்.

— அது இன்னிக்கு விழுந்தாலுமா?

— நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் எப்ப விழுந்தாலும். ஏன் பயப்படறீங்க? இன்னிக்குக் காலைல வரைக்கும் பூஜ்யம்னு அனுப்பியிருக்கு. பருவமே முடிஞ்சு போச்சு. இனிமே எங்க விழப் போகுது!

— காத்து மாறியிருக்கு.

— என்னண்ணா?

— முந்தாநாள்லேர்ந்து கிழக்க இருந்து அடிக்குது. ஈரம் இருக்கு.

— அண்ணா, நல்ல சேதி கொண்டு வந்தா அதுலயும் ஒரு முள்ளைக் குத்துங்க!

— ஏன் நாத்தனாரே, வேற ஊர்ல யாரோ டப்பாவ மூடிட்டாங்கன்னு போன தடவ சொன்னியே, அதை எப்படிக் கண்டுபுடிச்சீங்க?

— அதுவா? வடக்க ஒரு ஊரு. ஒருத்தன் டப்பா மேல தார்ப்பாயக் கட்டிட்டான். பக்கத்து ஊர் டப்பாவுல எல்லாம் மழை, இதுல மட்டும் பொட்டு ஈரம் இல்ல. நான்தான் போயி பாத்து ரிப்போர்ட் எழுதினேன். அந்த ஊரையே திட்டத்துலேர்ந்து தூக்கிட்டாங்க. அழுதாங்க அண்ணி, கால்ல விழுந்தாங்க. ஆனா ஒருத்தரை விட்டா அப்புறம் யாரு டப்பாவ நம்புவாங்க? அதை நம்பலன்னா இந்தத் திட்டமே இல்லை.

— இங்க பக்கத்துல வேற டப்பா இருக்கா?

— இல்ல. இந்தப் பொட்டல் பூராத்துக்கும் இது ஒண்ணுதான். அதனாலதான் உங்க கையில ஒப்படைச்சேன்.

— ஆமாமா.

— அண்ணி, நான் வந்தது காசு விஷயத்துக்கு மட்டும் இல்ல. ஒண்ணு கேக்கணும். ரெண்டு வாரமா தூக்கம் இல்ல.

— என்ன, எவனாவது மாப்பிள்ளையா?

— விளையாடாதீங்க. இந்தத் திட்டத்தைப் பழைய வருஷங்கள்ல எல்லாம் ஓட்டிப் பாப்போம். இது அன்னிக்கே இருந்திருந்தா எந்தெந்த வருஷம் காசு குடுத்திருக்கும்னு. எல்லாம் சரியா வருது. ஒரே ஒரு வருஷம் மட்டும் வரல. எனக்கு எட்டு வயசு ஆன வருஷம். ஏன் ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கறீங்க?

— ஒண்ணும் இல்ல. சொல்லு.

— நம்ம ஆடு மொத்தமும் போச்சே, அந்த வருஷம். ஆடு இல்லாத வீட்ல பொண்ணு எதை மேய்ப்பான்னு அப்பா என்னைக் கையப் புடிச்சு மிஷன் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வந்தாரே, அந்த வருஷம். நான் இந்த வேலைக்குப் போனதே அதுக்காகத்தான். இன்னொரு அப்பாவுக்கு அப்படி ஆகக் கூடாதுன்னுதான் ராப்பகலா உக்காந்து இதை உருவாக்கினேன். ஆனா அந்த வருஷத்தைப் போட்டா, காசு இல்லைன்னு சொல்லுது! மழை பெஞ்சிருக்குன்னு சொல்லுது! வானத்துலேர்ந்து எடுத்த படத்தைப் பாத்தா பூமியே பச்சைப்பசேல்னு இருக்கு. இந்தப் பத்து வருஷத்துலயும் அப்படி ஒரு பச்சையை நான் பாத்ததில்லை.

— படம் தப்பா இருக்கும்.

— நானும் அப்படித்தான் நெனச்சேன். மூணு இடத்துல விசாரிச்சேன். படம் சரிதானாம். எங்க மேலதிகாரி சிரிக்கறாரு. உங்க ஜனங்களுக்கு ஞாபகம் சரியில்லம்மா, வருஷத்தை மாத்திச் சொல்றாங்கங்கறாரு. எனக்கு ஞாபகம் சரியில்லையா? நான் நடந்து போனேன் அண்ணி. வழியெல்லாம் கிடந்த ஆட்டைத் தாண்டித் தாண்டித்தானே போனேன்!

— வறட்சிதான். வறட்சியில செத்துச்சு.

— வீடு வீடாப் போயி கேட்டப்ப எல்லாரும் இதையேதான் சொன்னாங்க. வறட்சி, வறட்சி. ஒரு ஆள்கூட மாத்திச் சொல்லல. அப்ப அந்தப் பச்சை எங்கேர்ந்து வந்துச்சு?

— எனக்கென்ன தெரியும்? நான் அப்ப புதுப் பொண்ணு. குட்டிங்களுக்குத் தண்ணி காட்டணும், எழுந்திரிக்கிறேன்.

— உக்காருங்க அண்ணி! அண்ணா, நீங்க சொல்லுங்க. தரையை ஏன் பாக்கறீங்க? அண்ணா!

— வறட்சியில பாதிதான் போச்சு பாப்பா.

— இந்தாங்க, வாயை மூடிட்டு இருக்க மாட்டீங்களா?

— விடு கமே. அவ நம்ம வீட்டுப் பொண்ணு.

— நம்ம வீட்டுப் பொண்ணா இருந்தா? இந்தக் காத்துலயா அதைப் பேசணும்?

— மீதிப் பாதி எப்படிண்ணா போச்சு?

— நாங்க அதைச் சொல்றதில்லை.

— எனக்குச் சொல்லுங்க.

— நீ தூங்கிட்டிருந்த. அப்பா முதல் இடி கேட்டதும் அழுதாரு. சந்தோஷத்துல. நாங்க எல்லாரும் வெளியில ஓடிப்போயி நனைஞ்சோம். சட்டி, குடம், சுரைக்குடுக்கை எல்லாத்தையும் வெளியில வச்சோம். ஆடெல்லாம் வேலிக்குள்ள நின்னுச்சு. எலும்பும் தோலுமா. உடம்புல ஒரு பொட்டுக் கொழுப்பு இல்ல. அப்புறம் குளிர் காத்து வந்துச்சு. அதுங்க ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு நடுங்கிச்சு. சத்தம்கூடப் போடல. போடத் தெம்பு இருந்தாத்தானே.

— அய்யோ...

— விடிஞ்சு பாத்தா ஒரே குவியல். மேல கிடந்ததுக்கு மட்டும் மூச்சு இருந்துச்சு. சுத்தி எல்லா வேலியிலயும் அப்படித்தான். கொஞ்ச நாள்ல பொட்டல் பூரா புல்லு. இடுப்பு வரைக்கும் புல்லு. மேய ஒரு வாய் இல்ல. நீ பாத்தியே பச்சை, அது அதுதான்.

— மழையா... மழையா கொன்னுச்சு?

— அப்படிச் சொல்லாத!

— அண்ணி...

— வாயால சொல்லாத புள்ள! வாக்கா சாமி குடுக்கறது அது. சாமி குடுக்கறது கொல்லுமா? கொன்னுச்சுன்னு நாம சொன்னா அது காதுல விழாதா? அப்புறம் எந்த மூஞ்சியோட திரும்பி வரும்? எனக்கு எங்க அப்பன் குடுத்த ஆடெல்லாம் அந்தக் குவியல்லதான் கிடந்துச்சு. அன்னிக்கும் நான் குலவை போட்டேன். பல்லைக் கடிச்சுக்கிட்டு குலவை போட்டேன். ஊரே போட்டுச்சு. அதுக்கு வறட்சின்னுதான் பேரு வச்சோம். இன்னிக்கு வரைக்கும் அதான் பேரு.

— கொஞ்சம் தண்ணி குடுங்க.

— இந்தா. மெதுவா.

— அண்ணா, அந்தக் கூட்டத்துல... மழை விழுந்துட்டா காசு வேண்டாம்னு முதல்ல எழுந்து சொன்னது நீங்கதானே?

— ம்.

— நான் முதல்ல அப்படிப் போடல. மழை வந்தாலும் பாதிக் காசு குடுக்கறதாத்தான் போட்டிருந்தேன். நீங்க எழுந்து, மழை வந்த பிறகு காசு வாங்கினா அது நன்றிகெட்ட தனம்னு சொன்னீங்க. எல்லாரும் கை தட்டினாங்க. அண்ணியும் தட்டினாங்க!

— வேற எப்படிப் பேச முடியும் பாப்பா? அத்தனை பேர் நடுவுல, மழை வந்தாலும் நட்டம்னு யாரு எழுந்து சொல்லுவா? நான் சொல்லலன்னா வேற ஒருத்தன் சொல்லியிருப்பான்.

— நான் அதை அப்படியே எழுதிக்கிட்டேன். காப்பீட்டுக்குக் கட்டற காசும் மூணுல ஒரு பங்கு குறைஞ்சுது. மேலதிகாரி என் முதுகுல தட்டிக் குடுத்தாரு, ஜனங்களோட உக்காந்து உருவாக்கின திட்டம்னு. நாசமாப் போச்சு. ஆடு சாகற அந்த ஒரு ராத்திரியில காசை நிறுத்தற மாதிரி திட்டம் போட்டிருக்கேன் நான்! நம்ம ஜனங்க எதை வாயால சொல்ல மாட்டாங்கன்னு நானே தெரிஞ்சுக்காம வீடு வீடாப் போயி வாயைத்தானே கேட்டிருக்கேன்!

— அழாத. இப்ப மாத்திட முடியாதா? நீதானே போட்டது?

— அடுத்த பருவத்துக்குத்தான் மாத்தலாம். இதுக்குக் கையெழுத்தாயி முடிஞ்சு போச்சு. ஒரு புள்ளியக்கூடத் தொட முடியாது.

— சரி, அதான் நாளைக்கு முடியுதே. நாளைக்கு வரைக்கும் விழலன்னா காசு வந்துடுது. லாரி வந்துடுது. நம்ம ஆடு பொழைச்சுக்கும். அடுத்த பருவத்துக்கு நல்லபடியா மாத்தி எழுது. கண்ணைத் துடை.

— அண்ணி, குட்டிங்க ஏன் இப்படிக் கத்துது? அண்ணா, எங்க போறீங்க?

— வாசல்ல நிக்கறேன். கிழக்க பாரு.

— அய்யய்யோ. இவ்வளவு கறுப்பு எப்ப வந்துச்சு? இப்பத்தானே வெயில் அடிச்சுது!

— வந்துடும். மலை மறைஞ்சுடுச்சு. கமே, குட்டிங்களை எல்லாம் குடிசைக்குள்ள கொண்டா. அடுப்பை மூட்டு. பாப்பா, ஜீப்ல தார்ப்பாய் இருக்கா?

— இருக்கு, இருக்கு! ஒண்ணுதான் இருக்கு.

— இழுத்துட்டு வா. பெரிசுங்களை மறைப்போம். எத்தனை தாங்குதோ.

— அண்ணா, இன்னிக்கு ராத்திரி தாங்கினாலும் அப்புறம் எதைத் தின்னும்? புல்லு தலை காட்டவே பத்து நாள் ஆகுமே! காசு இல்லாம லாரிக்காரன் வர மாட்டானே!

— மாட்டான்.

— அப்ப?

— அப்ப என்ன? நான் மொயாலே சந்தைக்கு மூட்டை தூக்கப் போவேன். கமே டவுன்ல யார் வீட்லயாவது துணி துவைப்பா. அப்பா செஞ்சதுதான்.

— அங்க என்ன சத்தம்?

— குலவை. பக்கத்துக் குடிசையில ஆரம்பிச்சுட்டாங்க. முதல் தூறல் அங்க விழுந்திருக்கும்.

— குலவை போடறாங்க... அவங்க ஆடும்தானே அண்ணா சாகும்? அவங்களுக்கும் தெரியும்தானே?

— எல்லாருக்கும் தெரியும். கமே, நீயும் போடு. நம்ம வீடு மட்டும் சும்மா இருந்தா நல்லா இருக்காது.

— போட்டேன், கேக்கலையா? இன்னொரு தடவ வேணும்னாலும் போடறேன்.

— கை மேல ஒரு துளி விழுந்துச்சு அண்ணி. எவ்வளவு சில்லுன்னு இருக்கு!

— உள்ள வா. நனையாத.

— அண்ணி, அந்தப் பெரிய சட்டி எங்க?

— எதுக்கு இப்ப சட்டி?

— எதுக்குன்னு கேக்காதீங்க. குடுங்க. நான் கிணத்தடிக்குப் போயிட்டு ஓடி வந்துடறேன்.

— பாப்பா. என்ன பண்ணப் போற நீ?

— தள்ளுங்கண்ணா. நேரம் இல்ல. விரல்ல ஒரு கணு நின்னுட்டா முடிஞ்சுது.

— அந்த ஊருக்கு ரிப்போர்ட் எழுதினவ நீ.

— ஆமா, நான்தான் எழுதினேன்! கால்ல விழுந்தவங்களைத் தாண்டிட்டு வந்து எழுதினேன். என் வேலை போனாப் போகட்டும். நான் போட்ட தப்பு, நானே மூடறேன். அண்ணி, சட்டி!

— மழை வந்துட்டிருக்கறப்ப அது முன்னால சட்டியக் கவுக்கப் போறியா? நம்ம அப்பா பெத்த பொண்ணா நீ? கமே, இவளைப் புடி. சட்டியக் குடுத்துடாத.

— என்கிட்ட இருந்தாத்தானே குடுக்கறதுக்கு.

— இல்லையா? அப்ப எங்க அது?

— ரெண்டு பேரும் கத்தாம உள்ள வாங்க. காத்து மாறின அன்னிக்கே அந்த டப்பா மேல கவுத்துட்டேன். பறந்துடாம மேல ஒரு கல்லும் வச்சிருக்கேன்.